குஞ்சு மேய்த்த விரால்: சவ்வாது மலையில் ஒரு தூண்டில் நாள்

பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடப்பதால், வேலூரைச் சேர்ந்த எங்களைப் போன்ற தூண்டில்காரர்கள் ஏரிகளையும் மலைமேல் உள்ள நீர்நிலைகளையுமே நம்பியிருக்கிறோம். ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் நால்வர் ஜீப்பில் சவ்வாது மலைக்குப் போயிருந்தபோது கண்டதை, விரால் பிடிப்பதில் ஆர்வமுள்ள அனைவரும் அறிய வேண்டும் என்பதற்காக இங்கே எழுதுகிறேன்.

கண்ணமங்கலம், போளூர் வழியாக மலையேறி ஜமுனாமரத்தூரை அடைந்தோம். அதற்குப் பிறகு தார்ச்சாலையை விட்டு, அறுவடைக்கு நின்ற சாமைக் கொல்லைகளுக்கும் புளிய மரங்களுக்கும் நடுவே செல்லும் மண்தடத்தில் வண்டியைத் திருப்பினோம். முந்தைய இரவு பெய்த மழையால் சக்கரங்கள் இரண்டு இடங்களில் சேற்றில் சுழன்றன. இறங்கிக் கல் அடுக்கித்தான் கடந்தோம். தடம் முடிந்த இடத்தில் ஒரு மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூரும், அதை ஒட்டி ஒரு சிறிய ஏரியும் இருந்தன. ஊர் ஏரிகளில் மீன் குத்தகைக்கு விடப்பட்டிருக்கக்கூடும் என்பதால், ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கேட்டு, அவர் சரி என்ற பிறகே தூண்டிலை எடுத்தோம்.

மண்புழு கோத்த முள்ளுக்குக் கெண்டையும் ஜிலேபிக் கெண்டையும் விடாமல் அகப்பட்டன. கெண்டை இரையை மெல்லத் தொடும்போது தக்கை நடுங்குவதையும், ஜிலேபி அதை ஒரேயடியாக இழுத்துக்கொண்டு போவதையும் வைத்தே எது வருகிறது என்று சொல்லிவிடலாம். ஆனால் எங்களில் ஒருவருக்கு விரால்மீதுதான் கண். அல்லிக்கொடிகள் அடர்ந்த ஓரத்தில் நீர்ப்பரப்பு உலை கொதிப்பதுபோல் துடித்ததைக் கண்டு, தவளை இரையைக் கட்டிக்கொண்டு அவர் வீச ஆயத்தமானபோது, பின்னால் நின்றிருந்த பெரியவர் தடுத்தார்.

"தம்பி, அது குஞ்சு மேய்க்குது. அங்க மட்டும் போடாதீங்க."

அருகில் சென்று பார்த்தோம். செம்மஞ்சள் நிறத்தில், விரல்நுனி அளவுகூட இல்லாத குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் கூட்டமாக மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுக் கீழே இறங்கின. விரால் நீரில் கரைந்த காற்றை மட்டும் நம்பி வாழும் மீன் அன்று. மேற்பரப்புக்கு வந்து மூச்செடுத்தே தீர வேண்டும். குஞ்சுகள் அப்படி வரும்போதுதான் மீன்கொத்திக்கும் பிற மீன்களுக்கும் இரையாகின்றன. அதனால் தாயும் தந்தையும் கீழே காவல் நிற்கின்றன. சிறிது நேரத்தில் அவற்றில் ஒன்றின் கரிய முதுகும் தெரிந்தது. கூட்டத்தின் அருகே விழும் எதையும் அவை பாய்ந்து கவ்வும் என்றும், அது பசியால் அன்று, விரட்டுவதற்காகவே என்றும் பெரியவர் விளக்கினார். பெரிய விராலை எளிதாகப் பிடிக்கும் வழி இது என்று தூண்டில்காரர்கள் பலர் பெருமையாகச் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். காவலுக்கு நிற்கும் மீனைத் தூக்கிவிட்டால் அந்தக் குஞ்சுகளில் பெரும்பாலானவை தப்பிக்க வழியில்லை. அடுத்த ஆண்டுகளின் விரால்களையும் சேர்த்தே அழிக்கும் இந்த வழக்கத்தை மீன்பிடிப்புத் திறமை என்று என்னால் ஏற்க முடியவில்லை. நண்பர் இரையைக் கழற்றிவிட்டார்.

எங்களோடு வந்திருந்த மற்றொரு நண்பர் நீலகிரியில் டிரவுட் பிடித்த அனுபவம் உள்ளவர். 1907 இல் வில்சன் என்ற ஆங்கிலேயர் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து வளர்த்த மீன் அது. குளிர்ந்து ஓடும், காற்று நிறைந்த நீர் அதற்கு வேண்டும் என்பதால் நம் மலை ஏரிகளில் அது பிழைக்காது. டிரவுட் சரளைக் கற்களைக் குடைந்து முட்டையிட்டு மூடியதும் விலகிப் போய்விடும் என்றும், குஞ்சைக் கூடவே இருந்து காக்கும் மீனைத் தாம் இப்போதுதான் நேரில் பார்ப்பதாகவும் அவர் கூறினார். மீன்பிடிப்பை மறந்து வெகுநேரம் அந்தக் கரையிலேயே அமர்ந்திருந்தோம். கூட்டம் இடம் மாறும்போதெல்லாம் காவல் மீன்களும் கூடவே நகர்ந்தன.

பிடித்த கெண்டைகளில் பாதியைப் பெரியவர் வீட்டில் கொடுத்தோம். அவர்கள் அதைப் புளி கரைத்துக் குழம்பு வைத்து, கேழ்வரகுக் களியோடு எங்களுக்கே பரிமாறினார்கள். குஞ்சுகள் நிறம் மாறிக் கூட்டம் கலைந்த பிறகு வந்தால் விரால் பிடிக்கலாம், எந்த ஓரத்தில் போடலாம் என்று தாமே காட்டுவதாகவும் பெரியவர் சொன்னார். தை மாதத்தில் வருவதாகச் சொல்லிவிட்டு, காவலூர், ஆலங்காயம் வழியாக வேலூர் திரும்பினோம்.