அப்டேட்: ஏற்காடு மண் பாக்டீரியா, வளையம் விழாத கதை

போன வாரம் போட்டிருந்தேன்ல, ஏற்காடு காபித் தோட்டத்து மண்ணுல எடுத்த பாக்டீரியாவோட ஜீனோம (மொத்த டிஎன்ஏவ) வச்சு எது பாஸ்பேட்ட கரைக்கும்னு மெஷின் லேர்னிங் மாடல் பிரமாதமா சொல்லுதுன்னு, அது பாதி பொய்ங்க. ஒரே குடும்பத்து ஸ்ட்ரெயினுங்க (பாக்டீரியா ரகங்க) மாடல் கத்துக்கற ட்ரெயின் டேட்டாலயும் அத சோதிக்கற டெஸ்ட் டேட்டாலயும் கலந்து கெடந்துருக்கு, மாடல் சொந்தக்காரங்கள அடையாளம் கண்டுருக்கு, அவ்ளோதான். குடும்பம் குடும்பமா பிரிச்சு ஓட்டினதும் மார்க் சர்ருனு எறங்கிருச்சு.

இதுல 'கண்டிப்பா கரைக்கும்'னு சொன்ன ஒண்ணு, பிகோவ்ஸ்கயா தட்டுல (கரையாத பாஸ்பேட் கலந்த வெள்ளைத் தட்டு, கரைச்சா காலனிய சுத்தி தெளிவா வளையம் விழும்) மூணு நாளாகியும் காலனிய சுத்தி பால் வெள்ளையாவே நிக்குது. நோண்டிப் பாத்தா, குளுக்கோஸ, பாஸ்பேட்ட கரைக்கற குளுகோனிக் ஆசிடா மாத்தற என்சைமோட ஜீன் இருக்கு, அதுக்குத் துணைக்கு வேணும்கற பிக்யூக்யூங்கற (PQQ) சின்ன மூலக்கூற செய்யற ஜீனுங்க இல்ல. ஈ.கோலைங்கற பாக்டீரியாவும் இதே கேஸ்தான! இப்ப இந்த ரெண்டு வகை ஜீனும் சேந்து இருக்கான்னு மாடலுக்குத் தனி ஃபீச்சரா (பாக்க வேண்டிய ஒரு தகவலா) குடுத்துருக்கேன். தட்டுல பிக்யூக்யூ சேத்துப் பாத்துட்டு சொல்றேன்.