லெமெத்ரின் கருத்துக்குத் தமிழ்ச்சொல்: ஆதியணுவா, முதலணுவா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஜார்ஜ் லெமெத்ர் 1931இல் முன்வைத்த 'பிரைமீவல் ஆட்டம்' (primeval atom: அண்டம் முழுவதும் ஒரே அணுவிலிருந்து தோன்றியது) என்னும் கருத்துக்கு 'ஆதியணு' என்ற சொல், நம் அறிவியல் கலைச்சொல் பட்டியலுக்கான இவ்விவாத இழையில் ஏறத்தாழ முடிவாகிவிட்டதாகத் தெரிகிறது. செவிக்கு இனிய சொல்தான். ஆயினும் இந்த ஓரிடத்தில் அதைத் தவிர்த்து 'முதலணு' என்று வழங்குவதே தகும் என்பது என் கருத்து. சொற்புணர்ச்சியில் குறை ஏதுமில்லை; அக்கருத்தைச் சொன்னவர் தம் சமயத்தையும் தம் கணக்கையும் எவ்வளவு கவனமாகப் பிரித்து வைத்தார் என்பதே என் தயக்கத்துக்குக் காரணம்.

லெமெத்ர் பெல்ஜிய நாட்டவர். 1923இல் குருப்பட்டம் பெற்ற கத்தோலிக்கக் குரு. லூவேன் பல்கலைக்கழகப் பேராசிரியர். விண்மீன் திரள்களின் செம்பெயர்ச்சி (விலகிச் செல்லும் பொருளின் ஒளி சிவப்பை நோக்கி நகர்தல்) காட்டும் வேகங்களை அவற்றின் தொலைவுகளோடு ஒப்பிட்டு, அண்டம் விரிகிறது என்றும், அவ்விரிவு ஒரு மெகாபார்செக் (ஏறத்தாழ 32.6 இலட்சம் ஒளியாண்டு) தொலைவுக்கு நொடிக்கு ஏறத்தாழ 625 கிலோமீட்டர் என்றும் 1927இலேயே கணக்கிட்டார். இதே தொடர்பைக் காட்டிய அமெரிக்க வானியலாளர் எட்வின் ஹபிளின் புகழ்பெற்ற கட்டுரை வெளியானது 1929இல்தான். (2018இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம், தொலைவு கூடக் கூட விலகும் வேகமும் கூடும் என்னும் இவ்விதியை 'ஹபிள்–லெமெத்ர் விதி' என்று அழைக்கப் பரிந்துரைத்துவிட்டது, நம் பட்டியலிலும் அதைத் திருத்திவிடலாம்.)

விரிவைப் பின்னோக்கிச் செலுத்திப் பார்த்த அவர், அண்டத்தின் முழு நிறையும் ஒரே அணுவாகச் செறிந்திருந்து, கதிரியக்க அணு சிதைவதைப்போலப் பிளந்து பிளந்து இன்றைய நிலையை அடைந்திருக்கலாம் என்று 'நேச்சர்' இதழின் 1931 மே மாத வெளியீட்டில் ஒரு சிறு மடலாக எழுதினார். அதன் தலைப்பிலேயே உலகின் 'தொடக்கம்' என்றுதான் குறித்தார். 'படைப்பு' என்று குறிக்கவில்லை. அம்மடலின் தட்டச்சுப் படியில், இறைவன் மறைந்திருப்பவர் என்று நம்புவோர் இயற்பியலும் படைப்பின்மீது ஒரு திரையை விரித்திருப்பதைக் கண்டு மகிழக்கூடும் என்னும் கருத்தில் ஒரு கடைசிப் பத்தி இருந்தது. அச்சுக்குப் போகுமுன் அதைக் கோடிட்டு அடித்துவிட்டார். இறைநம்பிக்கையைக் கைவிட்டதால் அடித்தாரல்லர். வாழ்நாள் முழுவதும் குருவாகவே இருந்தார், 1960 முதல் வத்திக்கானின் பாப்பிறை அறிவியல் கழகத்தின் தலைவராகவும் விளங்கினார்.

1951 நவம்பரில் அக்கழகத்தின் முன் உரையாற்றிய பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்), அண்டத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு எனக் காட்டும் அறிவியல், படைப்பு என்னும் உண்மைக்குச் சான்று பகர்வதாகக் கூறினார். இது லெமெத்ருக்கு உவப்பாயில்லை. மாறக்கூடிய அறிவியல் கணக்கைச் சமயத்துக்குச் சான்றாக்கக் கூடாதே என்னும் அவருடைய அச்சம் வீண்போகவில்லை என்றே சொல்லலாம்: 1952 செப்டம்பரில் உரோமையில் கூடிய பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் கூட்டத்தில், தொலைவை அளக்க உதவும் செபீடு விண்மீன்கள் இருவகை எனக் காட்டிய வால்ட்டர் பாடே, அதுவரை நம்பப்பட்ட விண்மீன் திரள்களின் தொலைவுகளை இருமடங்காக்கினார், அவ்வளவில் அண்டத்தின் வயதும் இருமடங்காயிற்று. லெமெத்ரின் விரிவு வேகமான 625ஐ நேராகத் தலைகீழாக்கி (தொலைவை வேகத்தால் வகுத்து) அண்டத்தின் வயதைக் கணக்கிட்டால் கிடைப்பது சுமார் 156 கோடி ஆண்டுகள், அதாவது புவியின் வயதைவிடக் குறைவு. அவ்விரிவு வேகத்தின் இன்றைய அளவீடுகள் 67க்கும் 73க்கும் இடையில் நின்று வழக்காட, வயது 1380 கோடி ஆண்டுகளை ஒட்டி நிற்கிறது. அளவு திருந்திக்கொண்டே இருக்கும். திருந்தக்கூடிய ஓர் எண்ணில் விசுவாசத்தைக் கட்டிவைக்க வேண்டாம் என்பதே அக்குருவின் நிலைப்பாடு. 1952இன் அந்த உரோமைக் கூட்டத்தினரிடம் பேசியபோது பாப்பரசர் தம் முந்தைய வாதத்தை மீண்டும் எடுக்கவில்லை.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். தமிழ்க் கிறித்தவர் காதில் 'ஆதி' என்றதும், உலகப் படைப்பைச் சொல்லும் விவிலியத்தின் முதல் நூலாகிய 'ஆதியாகமம்' ஒலிக்கும். 'ஆதியிலே' என்று தொடங்கும் அந்நூலின் முதல் வரி எத்தனையோ பேருக்கு மனப்பாடம். அவர் அடித்துவிட்ட பத்தியை நாம் ஒரே சொல்லில் மீண்டும் அச்சேற்றியதாக ஆகிவிடும். 'தொடக்க அணு' என்று நண்பர் ஒருவர் எழுதியதில், கத்தோலிக்க விவிலியத்தின் 'தொடக்க நூல்' ஒருபுறமிருக்க, தொடக்கப் பள்ளியைப்போல எளிய நிலை அணு என்ற பொருளும் எட்டிப்பார்க்கிறது. 'மூலவணு' மூலக்கூறோடு குழம்பும். இலங்கை வழக்கில் 'மூலகம்' என்பது தனிமத்தைக் குறிப்பதால் குழப்பம் இரட்டிக்கும். 'கருவணு' அணுக்கருவைத் திருப்பிப் போட்டதுபோல இருப்பதால் மாணவர் தேர்வில் மாற்றி எழுதிவைப்பர்.

'முதல்' என்பதில் வரிசையில் முன்நிற்றலும் உண்டு, பிறவற்றுக்குப் பிறப்பிடமாதலும் உண்டு. முதலெழுத்து, சார்பெழுத்து என்னும் பகுப்பில் இரண்டாம் பொருளே ஆள்கிறது, நமக்கு வேண்டியதும் அதுவே. முதற்குறளில் 'ஆதி', 'முதல்' இரண்டுமே கடவுளை ஒட்டி வருகின்றனவே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் கடையில் போட்ட முதலிலிருந்து முதல் வகுப்புப் பயணச்சீட்டு வரை அன்றாடம் புழங்கித் தேய்ந்த சொல் அது, ஆதிக்கு அந்தத் தேய்மானம் இல்லை.

ஒருமைப் புள்ளிக்கும் (singularity: அடர்த்தி எல்லையற்றதாகும் நிலை) இதே சொல்லைப் பயன்படுத்தலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. லெமெத்ர் சொன்னது ஓர் அணு, அதுவும் சிதையும் அணு. இன்றைய அண்டவியல் அப்படிக் கருதுவதில்லை. ஆகவே பதிவு இவ்வாறு அமையலாம்: 'முதலணு (பெயர்): அண்டத்தின் நிறை முழுவதும் ஒரே நிலையற்ற அணுவாக இருந்ததென 1931இல் லெமெத்ர் கொண்ட கருதுகோள் நிலை, வரலாற்று வழக்கு.' மாற்றுக் கருத்துடையோர் இவ்விழையிலேயே தெரிவித்தால், இறுதிப் பட்டியலுக்கு அனுப்புமுன் சேர்த்துப் பார்க்கலாம்.