சாந்தோஸ் 'ஹார்ப்பி கல்லறை': சிறகுள்ள பெண்கள் யார்? கி.மு. 480 என்று எழுதலாமா?

தூண்நிழல் கேட்டது:

லிசியாவின் (இன்றைய துருக்கியின் தென்மேற்குப் பகுதி) சாந்தோஸ் நகரத் தூண் கல்லறை பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். உயரமான தூணின் உச்சியில் ஈம அறை, அதன் நான்கு பக்கமும் சிற்பப் பலகைகள். இரண்டு இடங்களில் நிற்கிறேன்.

1. வடக்கு, தெற்குப் பக்கங்களின் ஓரங்களில் சிறகுள்ள பெண்கள் சின்னஞ்சிறு மனிதர்களைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். பெயரில் 'ஹார்ப்பி' இருப்பதால் இவர்கள் கிரேக்கக் கதைகளில் வரும், உயிரைப் பறிக்கும் ஹார்ப்பிகள்தானா?

2. கண்ணும் ஆடை மடிப்பும் பழைய பாணியில் இருப்பதால் கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்று நினைத்தேன். ஆனால் சில இடங்களில் கி.மு. 480, மன்னன் கைபெர்னிஸின் கல்லறை என்று போட்டிருக்கிறார்கள். எது சரி? என்னிடம் இருப்பவை சாந்தோஸில் எடுத்த படங்கள். உளித்தடம் பார்க்க அவை போதுமா?

கல்வரி பதில்:

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். போதாது. சாந்தோஸில் தூணின் மேல் இப்போது இருப்பவை அச்சு வார்ப்புகள், அதாவது மூலத்திலிருந்து அச்செடுத்த நகல்கள். மூலப் பளிங்குப் பலகைகளை சார்ல்ஸ் ஃபெல்லோஸ் குழு 1840களில் லண்டனுக்குக் கொண்டுபோய்விட்டது. அவை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. வார்ப்பில் உருவ அமைப்பைப் படிக்கலாம். உளித்தடம், கல்லின் தேய்மானம், வண்ண எச்சம் மூன்றையும் அதில் தேடக் கூடாது. அங்கே தெரியும் இணைப்புக் கோடுகளை வைத்து 'பழுதுபார்த்த தடம்' என்று எழுதினால் கட்டுரையே சறுக்கிவிடும்.

மூலத்தின் படங்களிலும் விளக்கு பக்கவாட்டிலிருந்து, கல்லின் மேல் கிட்டத்தட்டப் படுத்தாற்போல் விழுந்திருக்கும் படத்தைத் தேடுங்கள். நேர் வெளிச்சத்தில் மெல்லிய மடிப்புகள் அழிந்துவிடும். பிறகு 'ஆடை வழவழப்பாக இருக்கிறது' என்ற தவறான முடிவுக்கு வந்துவிடுவோம். பின்னணியில் நீலமும் வேறு இடங்களில் சிவப்பும் பூசியிருந்தார்கள். அதனால் செதுக்காத இடம் வெற்றிடம் என்று எண்ண வேண்டாம். காலியாகத் தெரியும் கையில் வண்ணத்தால் தீட்டிய பொருள் ஏதாவது இருந்திருக்கலாம்.

சிறகோலை பதில்:

முதல் கேள்விக்கு வருகிறேன். பெயரை மறந்துவிட்டு உடம்பைப் பாருங்கள். அக்காலக் கிரேக்கக் கலையில் ஹார்ப்பி என்றால் சிறகு முளைத்த பெண். மனிதக் கால்களோடு ஓடுவாள். இங்கே இருப்பது முட்டை வடிவப் பறவை உடல், பறவை வால், பறவைக் கால், அதன்மேல் பெண் தலை, பெண் கைகள். இது சைரனின் வடிவம் (சைரன்: கிரேக்கக் கதைகளில் வரும் பறவைப் பெண்). பண்டாரியோஸ் என்பவரின் பெண்களை ஹார்ப்பிகள் கவர்ந்து சென்ற கதை ஹோமரின் ஒடிஸியில் வருகிறது. 19ஆம் நூற்றாண்டில் அந்தக் கதையை இந்தச் சிற்பத்தின் மேல் ஏற்றிப் பார்த்ததால் ஒட்டிய பெயர் இது.

பிடியையும் கவனியுங்கள். குழந்தையை இடுப்பில் அணைத்தாற்போலத்தான் தூக்கியிருக்கிறார்கள். சின்ன உருவங்கள் திமிறவில்லை. கையை மேலே நீட்டித் தூக்கிச் செல்பவரைத் தொடுகின்றன. இறந்தவரின் உயிரைப் பத்திரமாகக் கொண்டுபோகும் காட்சி என்று படிப்பதே பொருத்தம். வடக்குப் பக்கத்தின் ஓர் ஓரத்தில் சைரனுக்குக் கீழே ஒரு சிறு உருவம் குறுகிக் கிடந்து துயரப்படுகிறது. அதை விட்டுவிடாதீர்கள். மேலே போகிறவருக்குக் கீழே அழுகிறவர் இருக்கிறார் என்பதை இந்தச் சிற்பத்தில் சொல்வது அந்த ஓர் உருவம்தான்.

நடுவில் அமர்ந்திருப்பவர்கள் தெய்வங்களா, முன்னோர்களா என்பதில் ஒருமித்த கருத்து கிடையாது. கிழக்கே தாடிக்காரருக்குச் சிறுவன் சேவல் தருகிறான், வடக்கே போர்வீரனும் தலைக்கவசமும், தெற்கே புறா, மேற்கே பெண்கள். ஆளும் குடும்பத்தின் முன்னோர் மரியாதை பெறுகிறார்கள் என்பதே என் சாய்வு. கட்டுரையில் அதைச் சாய்வாகவே சொல்லுங்கள்.

கல்வரி பதில்:

காலம் பற்றி. ஒரு சிற்பத்தில் பழைய கூறும் புதிய கூறும் கலந்திருந்தால், மிகப் புதிய கூறுதான் காலத்தைத் தீர்மானிக்கும். பழைய பாணியை எவ்வளவு நாள் வேண்டுமானாலும் தொடர்ந்து செதுக்கலாம். இன்னும் பிறக்காத பாணியைச் செதுக்க முடியாது.

முகம் பக்கவாட்டில் இருக்க, கண் மட்டும் முழுப் பாதாம் வடிவில் நம்மைப் பார்ப்பது பழைய பழக்கம். கொசுவம் வைத்தாற்போல் அடுக்கடுக்காக விழுந்து, கீழ் விளிம்பில் வளைந்து வளைந்து முடியும் மடிப்பும் அப்படியே. நீங்கள் 6ஆம் நூற்றாண்டுக்குப் போனது இவற்றால்தான். ஆனால் அமர்ந்திருப்பவர்களின் கனத்த உடலும் நிதானமாக விழும் மேலாடையும் 5ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தின் சாயல். அதோடு ஏதென்ஸில் வழக்கொழிந்த பாணி லிசியாவில் சில ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருக்கும். அதனால்தான் கி.மு. 480–470 என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அது பாணியை வைத்துச் சொல்லும் மதிப்பீடு. ஒற்றை ஆண்டாகச் சுருக்காதீர்கள்.

கைபெர்னிஸ் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. பாரசீக மன்னன் செர்க்சீஸின் கப்பற்படையில் இருந்த லிசியத் தலைவனைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் குறிப்பிடுகிறார். ஆனால் அவர் நூலின் கையெழுத்து ஏடுகளில் உள்ள பெயர் 'கைபெர்னிஸ்கோஸ், சிகாஸின் மகன்' என்று பிரிந்து வருகிறது. அதை 'கைபெர்னிஸ், கோசிகாஸின் மகன்' என்று திருத்திப் படிக்கிறார்கள். கல்லறையில் பெயர் பொறித்த கல்வெட்டே கிடையாது. 480ஐ ஒட்டிய காலம் என்பதால் கைபெர்னிஸ், கைபெர்னிஸ் என்பதால் 480 என்று வாதம் தன்னைத்தானே சுற்றிவரும்.

ஒப்பிடப் பாயவா கல்லறையைப் பாருங்கள். அதுவும் சாந்தோஸ்தான். அதில் பாயவாவின் பெயரும் பாரசீக ஆளுநர் ஆட்டோஃப்ரடாட்டிஸின் பெயரும் பொறித்திருப்பதால் கி.மு. 4ஆம் நூற்றாண்டு என்பதற்குக் கல்லிலேயே பிடிமானம் இருக்கிறது.

தூண்நிழல்:

மிக்க நன்றி. வார்ப்பு என்பது தெரியாமலே உளித்தடம் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன்; எடுத்துவிட்டேன். மேற்கே வாசலுக்கு மேல் கன்றுக்குப் பால் கொடுக்கும் பசு எதற்கு?

சிறகோலை:

அந்தச் சிறு திறப்பு ஈம அறைக்குள் போகும் வழி. அதன் நேர் மேலே பால் கொடுக்கும் பசுவை வைத்திருப்பதை இறப்பின் வாசலில் உயிர் தொடர்வதன் அடையாளமாகப் படிக்கிறார்கள். பக்கத்திலேயே பூவும் பழமும் ஏந்திப் பெண்கள் வருவதும் அதற்கு ஒத்துப்போகிறது. படக்குறிப்பை இப்படிப் போடுங்கள்: 'தூண் கல்லறையின் மேற்குப் பலகை, பளிங்கு, சாந்தோஸ், பாணியின்படி கி.மு. 480–470.' 'பாணியின்படி' என்ற சொல்லை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.