நான்கு சந்திப்பு, ஒரு யோசனைகூட இல்லை. இவர் எதற்கு ஆலோசகர்?

ஈசூன் அம்மா | இரவு 9.14

என் மகன் இங்கே சிங்கப்பூரில் உயர்நிலை மூன்றில் படிக்கிறான். மார்ச் விடுமுறைக்குப் பிறகு பள்ளிக்கூடம் என்றாலே அவனுக்குக் கசக்கிறது. வகுப்பாசிரியர் பள்ளி ஆலோசகரிடம் அனுப்பினார். வாரம் ஒரு முறை, நான்கு வாரம் ஆகிவிட்டது. என்ன நடந்தது என்று கேட்டால் “பேசினோம்” என்கிறான், அவ்வளவுதான். ஆலோசகரைத் தொலைபேசியில் பிடித்தேன். அவன் சம்மதம் இல்லாமல் எதையும் சொல்ல முடியாதாம். சரி, நீங்களாவது அவனுக்கு என்ன புத்தி சொன்னீர்கள் என்றேன். “புத்தி சொல்வது என் வேலை இல்லை அம்மா” என்றார். பத்து மாதம் சுமந்தவள் நான். என் பிள்ளை மனத்தில் இருப்பதை யாரோ ஒருவர் பூட்டி வைத்துக்கொண்டு சாவியையும் தர மறுக்கிறார். பெயரில் மட்டும் ஆலோசனை இருந்தால் போதுமா?

பழைய வாத்தியார் | இரவு 9.40

அம்மா கேட்பது நியாயம். 31 ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் நான். ஒரு பையன் முகம் வாடியிருந்தால் சிற்றுண்டிச்சாலைக்கு அழைத்துப்போய் ஒரு தே வாங்கிக் கொடுப்பேன். கேட்பேன், சொல்ல வேண்டியதைச் சொல்வேன். இதற்கெல்லாம் பட்டம் வாங்கிய ஞாபகம் இல்லை.

இந்தத் தொழிலைச் சிலர் ‘ஆற்றுப்படுத்தல்’ என்று எழுதுகிறார்கள். அழகான சொல்தான். பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை. பரிசு வாங்கித் திரும்பும் பாணன், வறுமையில் வாடி எதிரே வரும் இன்னொரு பாணனிடம், இந்த வழியாகப் போ, இடையில் இன்ன ஊரில் இன்ன சோறு கிடைக்கும், அந்த வள்ளல் இப்படிக் கொடுப்பான் என்று விவரமாகச் சொல்லி அனுப்புவான். “உனக்கு எங்கே போகத் தோன்றுகிறது?” என்று கேட்டுவிட்டு மரத்தடியில் உட்கார்ந்துவிடவில்லை.

கேட்பவள் | இரவு 10.05

ஐயா, உங்கள் கடைசி வரியைப் படித்துச் சிரித்துவிட்டேன். நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், அதனால் பதில் சொல்லும் கடமையும் இருக்கிறது.

உங்கள் பாணன் செய்தது வழிகாட்டல். அதற்கும் ஆலோசனைக்கும் உறவு உண்டு, வேலை வேறு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1908இல் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் இளையர்களுக்கு வேலை தேர்ந்தெடுக்க உதவும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். முதலில் உன்னை அறிந்துகொள், பிறகு வேலைகளின் தன்மையை அறிந்துகொள், இரண்டையும் பொருத்திப் பார்: அவர் வகுத்த முறை இவ்வளவுதான். நம் பள்ளிகளில் கல்வி, வாழ்க்கைத்தொழில் வழிகாட்டலுக்கென்று தனி ஆலோசகர்கள் இருப்பதும் இந்த மரபில் வந்ததே. தொடக்கக் கல்லூரியா, பலதுறைத் தொழிற்கல்லூரியா என்று குழம்பும் பிள்ளைக்கு அவர் விவரம் சொல்லத்தான் வேண்டும்.

அம்மாவின் மகனுக்குப் பள்ளிக்கூடம் போகும் வழி தெரியும். கால்தான் எழவில்லை. ஏன் எழவில்லை என்பது இன்னும் அவனுக்கே தெளிவாகியிருக்காது. அங்கே யோசனை சொன்னால் “சரி” என்று தலையாட்டுவான், மறுநாளும் எழ மாட்டான். கார்ல் ரோஜர்ஸ் என்ற சிக்காகோ உளவியலாளர் 1957இல் எழுதிய கட்டுரையில், மாற்றம் நடக்க ஆலோசகரிடம் மூன்று குணங்கள் வேண்டும் என்றார்: மற்றவர் கண்ணால் உலகைப் பார்க்கும் பரிவு, நிபந்தனை இல்லாத மதிப்பு, வேடம் போடாத உண்மை. புத்திமதி அந்தப் பட்டியலில் இல்லை.

இன்னொன்று, வாத்தியார் ஐயாவுக்கு. சிறுபாணாற்றுப்படையில் வழி சொல்வதற்கு முன்பே, பாணரோடு வரும் ஆடல் பெண்களான விறலியரின் நடந்து நொந்த பாதம் இளைத்த நாயின் நாக்குப்போல் இருப்பதாக வருகிறதே! பாதத்தை முதலில் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பார்வைதான் எங்கள் வேலை.

தேக்கா தம்பி | இரவு 10.22

எனக்குப் பதினேழு வயதில் இப்படி நடந்தது. மாமா, பெரியப்பா, பக்கத்து வீட்டு அங்கிள், எல்லாரும் யோசனை சொன்னார்கள். எல்லாமே சரியான யோசனைதான். சீக்கிரம் எழுந்திரு, திறன்பேசியைத் தள்ளி வை, கோயிலுக்குப் போ. ஒன்றைக்கூட என்னால் செய்ய முடியவில்லை, அதனால் குற்ற உணர்வும் சேர்ந்துகொண்டது. ஆலோசகர் கேட்டது ஒரே கேள்வி: “எப்போதிலிருந்து தூக்கம் வரவில்லை?” அதுவரை யாரும் கேட்டதில்லை.

அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் சொன்னதை இரண்டாம் வாரமே அவர் என் அம்மாவிடம் சொல்லியிருந்தால், மூன்றாம் வாரம் நான் போயிருக்க மாட்டேன்.

ஈசூன் அம்மா | இரவு 10.31

கோபமில்லை தம்பி, பயம்தான். அவன் தன்னையே ஏதாவது செய்துகொள்ள நினைத்தால்? அதையும் பூட்டி வைப்பார்களா?

கேட்பவள் | இரவு 10.38

மாட்டார்கள். தனக்கோ பிறருக்கோ உயிர் ஆபத்து, சிறுவர் வதை, நீதிமன்ற உத்தரவு என்றால் இரகசியம் காப்பது நின்றுவிடும். இதை முதல் சந்திப்பிலேயே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். அப்படி ஓர் அறிகுறி தெரிந்திருந்தால் உங்களுக்கு அன்றே அழைப்பு வந்திருக்கும். 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து இங்கே தற்கொலை முயற்சி குற்றமும் இல்லை. அதற்கு முன் அந்தப் பேச்சை எடுக்கவே பலர் அஞ்சினார்கள். நள்ளிரவில் உங்களுக்கோ அவனுக்கோ மனம் தாங்கவில்லை என்றால் 1767 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள், 24 மணி நேரமும் ஆள் இருக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை | இரவு 11.02

எல்லாரும் நல்ல ஆலோசகரைப் பற்றியே பேசுகிறீர்கள். மற்றவர்களை என்ன செய்வது? வீட்டில் மின்கம்பி இழுக்க வருபவருக்கு இந்த ஊரில் உரிமம் வேண்டும். மனத்தில் கை வைப்பவருக்கு வேண்டாம். ‘ஆலோசகர்’ என்ற பட்டத்தைக் காக்கும் சட்டம் எதுவும் இல்லை. ஒரு வாரப் பயிற்சி முடித்தவரும் பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ளலாம். என் உறவினர் ஒருவர் அப்படி ஒரு தனியார் இடத்தில் ஆறு மாதம் பணம் கட்டினார். கடைசியில் கிடைத்தது கல் பதித்த மோதிரம் ஒன்று.

கேட்பவள் | இரவு 11.15

இதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. சிங்கப்பூர் ஆலோசனைச் சங்கம் 1982இல் தொடங்கியது, பதிவேடும் வைத்திருக்கிறது. ஆனால் அதில் சேர்வது அவரவர் விருப்பம். சட்டம் வர வேண்டும் என்பதே என் கருத்தும். அதுவரை பணம் கட்டும் முன் கேளுங்கள்: என்ன படித்தீர்கள், பதிவேட்டில் இருக்கிறீர்களா, உங்களை மேற்பார்வையிடுவது யார்? மூன்றாவதுதான் முக்கியம். பல ஆண்டுகள் ஆன பிறகும் நான் மூத்த ஆலோசகர் ஒருவரிடம் போய், இந்த இடத்தில் தடுமாறினேன் என்று சொல்லித் திருத்திக்கொள்கிறேன். ‘மேற்பார்வையா, எனக்கெதற்கு?’ என்று கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள், கடைசியில் மோதிரம் மட்டும் மிஞ்சும் நிலை வராது.

பழைய வாத்தியார் | இரவு 11.48

இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். மனைவி போன பிறகு மகள் வற்புறுத்தி என்னையும் ஆலோசனைக்கு அனுப்பினாள். நல்ல பெண், தமிழில்தான் பேசினாள். “அந்த இழப்பை எப்படி உணர்கிறீர்கள் ஐயா?” என்றாள். அது எந்த ஊர்த் தமிழ்? பதில் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு முறையோடு நிறுத்திவிட்டேன். உங்கள் பரிவு, மதிப்பு எல்லாம் சிக்காகோவிலிருந்து விமானத்தில் வந்து இறங்கியவை. “சாப்பிட்டீர்களா?” என்று கேட்டிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

கேட்பவள் | நள்ளிரவு 12.06

இதற்கு என்னிடம் தயாரான பதில் இல்லை ஐயா. நாங்கள் படித்தது முழுக்க ஆங்கிலத்தில். தமிழில் பேச உட்காரும்போது கேள்விகளை மனத்துக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே கேட்கிறோம். என்னிடம் வரும் பெரியவர்கள் ‘கவலை’ என்ற சொல்லையே எடுப்பதில்லை. வயிற்றைப் பிசைகிறது, நெஞ்சு அடைக்கிறது, கை ஓடவில்லை என்கிறார்கள். அந்தச் சொற்களைத் திருப்பிச் சொல்லிக் கேட்கவே எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. அந்தப் பெண்ணுக்கு அந்த ஆண்டுகள் இன்னும் வாய்க்காமல் இருந்திருக்கும்.

நீங்கள் சாப்பிட்டீர்களா?

பழைய வாத்தியார் | நள்ளிரவு 12.11

ரொட்டி. தூங்கப் போகிறேன்.

ஈசூன் அம்மா | காலை 6.20

எல்லாவற்றையும் இப்போதுதான் படித்தேன். பூட்டைப் பற்றி என் மனம் முழுசாக மாறிவிடவில்லை. இன்று அந்த ஆலோசகரை மறுபடி அழைக்கப்போகிறேன். மகன் சொன்னதைக் கேட்கப்போவதில்லை. வீட்டில் நான் எதைச் செய்யாமல் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்பேன். அதையும் சொல்ல மாட்டேன் என்றால், இரவு மறுபடி இங்கேதான் வருவேன்.