புதுப்பிப்பு: கியூஎமு கருவியில் ரிஜிஸ்டர் பைட்டுகள் தலைகீழாக வந்த சிக்கல் தீர்ந்தது

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. விஷயம் இதுதான்: கியூஎமுவில் (வேறு கணினிகளை மென்பொருளாலேயே உருவாக்கி ஓட்டும் எமுலேட்டர்) நானே எழுதிய சின்ன எம்எம்ஐஓ கருவி (மெமரி முகவரிகள் வழியாக ரிஜிஸ்டர்களைப் படிக்க விடும் போலிச் சாதனம்) எக்ஸ்86 கெஸ்டில் (கியூஎமுவுக்குள் ஓடும் கணினி) ஒழுங்காக ஓடியது, பவர்பிசி 64 கெஸ்டில் மட்டும் அடையாள ரிஜிஸ்டர் 0x12345678க்குப் பதிலாக 0x78563412 என்று வந்தது.

வேலை செய்தது இரண்டாவது பதில்தான். மெமரி ரீஜன் ஆப்ஸில் (கருவியின் ரீட், ரைட் ஃபங்ஷன்களைச் சொல்லும் அமைப்பு) எண்டியன்னெஸ், அதாவது பைட் வரிசை, புலத்தை நேட்டிவிலிருந்து லிட்டில் எண்டியனுக்கு (கடைசி பைட் முதலில் வருவது; பிக் எண்டியன் இதற்கு நேர் எதிர்) மாற்றினேன், அவ்வளவுதான். டிரைவர் ரிஜிஸ்டரைப் படிக்க அழைக்கும் லினக்ஸின் ரீட்எல் எப்போதுமே கருவி லிட்டில் எண்டியன் என்று நம்பித்தான் படிக்கும், நேட்டிவ் என்றால் கியூஎமு கெஸ்டை அல்ல, டார்கெட்டை, அதாவது எந்தச் சிபியு வகைக்காகக் கியூஎமு கட்டப்பட்டதோ அதைப் பார்க்கும், பவர்பிசி டார்கெட் அதன் கணக்கில் பிக் எண்டியன். அதனால்தான் லிட்டில் எண்டியன் பவர்பிசி கெஸ்டிலும் அதே தலைகீழ் எண் வந்தது, இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

ரீட் ஃபங்ஷனுக்குள் பிஸ்வாப் (பைட்டுகளைத் திருப்பிப் போடுவது) போடச் சொன்ன யோசனையும் சரியான எண்ணைத் தரும், ஆனால் டார்கெட்டுக்கு ஒரு இஃப்டெஃப் (கம்பைல் செய்யும்போதே பார்க்கும் நிபந்தனை) வேண்டும், பார்க்கவே அசிங்கம்.

அப்புறம் ஒன்று. இந்த மாற்றம் ரிஜிஸ்டர்களுக்கு மட்டும்தான், டிஎம்ஏ வழியாக, அதாவது கருவியே கெஸ்டின் மெமரியிலிருந்து நேரடியாகப் படிக்கும் டிஸ்கிரிப்டர்களை (நீளம் போன்ற விவரங்களை டிரைவர் எழுதி வைக்கும் குறிப்புகள்) அது தொடாது. பிக் எண்டியன் கெஸ்ட் நீளம் 64 என்று எழுதியதை கியூஎமு ஓடும் என் எக்ஸ்86 ஹோஸ்ட் 1,07,37,41,824 என்று படித்தது! டிரைவரில் சிபியு_டு_எல்இ32 (சிபியு வரிசையிலிருந்து லிட்டில் எண்டியனுக்கு), கருவிப் பக்கம் எல்இ32_டு_சிபியு (அதன் மறுதலை) இரண்டும் போட்ட பிறகே சரியானது. கருவிப் பக்கத்தில் இருப்பது எக்ஸ்86 ஹோஸ்டில் ஒன்றுமே செய்யாது, ஆனால் பிக் எண்டியனான எஸ்390எக்ஸ் ஹோஸ்டில் ஓட்டுபவர்களுக்கு அவசியம் வேண்டும்.