கடை டி.வி.ஆர். பெட்டியைப் போலீஸிடம் கொடுப்பதா, பென் டிரைவில் நகல் கொடுத்தால் போதுமா?

மார்த்தாண்டம் கடைக்காரர்:
மேம்பாலத்துக்குப் பக்கத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். வாசலில் இரண்டு கேமரா, உள்ளே இரண்டு. போன வருடம் அடுத்த கடையில் திருட்டு நடந்தபோது போலீஸார் வந்து, கேமரா காட்சிகள் பதிவாகும் என் டி.வி.ஆர். பெட்டியையே கழற்றிக்கொண்டு போனார்கள். என் கையில் கிடைத்தது ஒரு துண்டுச் சீட்டு. ஐந்து மாதம் கழித்து நிலையத்துக்குப் போய்ப் பார்த்தால், அலமாரியின் மேல் பழைய கோப்புக் கட்டுகளுக்கு நடுவே சணலால் கட்டிக் கிடந்தது. பெட்டியின் தலையில் ஒரு டீ டம்ளர். எந்த நிலையம் என்று சொல்லப்போவதில்லை. நாளைக்கும் அந்த வழியாகத்தான் நான் கடைக்குப் போக வேண்டும்.

முந்தாநாள் மாலை கடை வாசலில் ஒரு பைக், சாலையைக் கடந்த பெரியவரை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. மறுபடியும் பெட்டியைக் கேட்கிறார்கள். நாளை காலை வருகிறார்களாம். வேண்டிய அரை மணி நேரத்தைப் பென் டிரைவில் போட்டுத் தருகிறேன் என்றால் எஸ்.ஐ. ஒத்துக்கொள்ளவில்லை. கொடுக்க மனமில்லாமல் இல்லை. கொடுத்த பிறகு அது என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ரைட்டர்:
தம்பி, டம்ளர் வைத்தது தப்பு. அதற்குச் சமாதானம் சொல்ல மாட்டேன். பெட்டியைக் கேட்டது தப்பில்லை. நான் பல வருடம் ஸ்டேஷன் ரைட்டராக, அதாவது நிலையத்துப் பதிவேடுகளை எழுதுபவனாக இருந்தவன். பென் டிரைவை வாங்கிக்கொண்டு வந்த வழக்குகள் கோர்ட்டில் என்ன பாடு பட்டன என்று பார்த்திருக்கிறேன். "வெட்டி ஒட்டியது" என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒரிஜினலைக் காட்டுங்கள் என்பார்கள். ஒரிஜினலைத் தேடிக் கடைக்குப் போனால், பெட்டி பழைய காட்சியை அழித்து அதன் மேலேயே புதிதாக எழுதியிருக்கும். இருபது நாளில் போச்சு.

நிலையத்தில் பாதுகாப்பில்லை என்கிறீர்கள். நகை, அரிவாள், கஞ்சாப் பொட்டலம் எல்லாம் அதே அறையில்தான் இருக்கின்றன. மகசர் (கைப்பற்றிய பொருளின் விவரக் குறிப்பு) எழுதி, சாட்சியாக வி.ஏ.ஓ.விடம் கையெழுத்து வாங்கி, அரக்கு வைத்து, சொத்துப் பதிவேட்டில் எண் போட்டு, கோர்ட்டுக்கு அனுப்பினால் எது காணாமல் போகும்? முறை இருக்கிறது. செய்யாதவனைக் கேளுங்கள், முறையைக் குறை சொல்லாதீர்கள்.

வடசேரி கணினி:
அண்ணாச்சி, அரிவாளும் ஹார்டு டிஸ்கும் ஒன்றல்ல. அரிவாளை யாராவது எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தால் அது அரிவாளாகவே இருக்கும். டி.வி.ஆர். பெட்டியை "ஓடுகிறதா பார்ப்போம்" என்று ஒருவர் மின்சாரம் கொடுத்தால், அந்த நொடியே அது பதிவு செய்யத் தொடங்கிவிடும். வட்டு ஏற்கெனவே நிரம்பியிருந்தால் மிகப் பழைய காட்சியின் மேல் எழுதும். கேமரா இணைக்காவிட்டாலும் பல பெட்டிகள் உள்ளே எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும். அரக்கு வைக்கும் முன் பத்து நிமிடம் யார் கையில் இருந்தது என்பதே வழக்கைக் கெடுக்கப் போதும். நம் ஊர் ஈரக்காற்றில், வருடத்தில் இரண்டு மழைக்காலம் பார்க்கும் மாவட்டத்தில், காகித உறைக்குள் மெமரி கார்டைப் போட்டு வைப்பதைப் பற்றித் தனியாகப் புலம்பலாம்.

மாவட்டத்துக்கு ஒரே இடத்தில் சர்வர் வேண்டும் என்பது என் கட்சி. வட்டைக் கைப்பற்றியதும், எழுதவிடாமல் தடுக்கும் கருவி வழியாக முழு நகல் எடுத்து, அதன் ஹாஷ் எண்ணைக் குறித்துவிட வேண்டும். தெரியாதவர்களுக்காக: ஹாஷ் என்பது ஒரு கோப்பின் கைரேகை மாதிரி. எஸ்.எச்.ஏ. 256 என்ற முறையில் 64 எழுத்து வரும். காட்சியில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் அந்த 64-ம் தலைகீழாக மாறிவிடும். பிறகு யார் திறந்தார்கள், எப்போது திறந்தார்கள் என்பதை சர்வரே எழுதி வைத்துக்கொள்ளும். ரைட்டரின் கையெழுத்தை நம்ப வேண்டியதில்லை.

பழைய ரைட்டர்:
ரைட்டரின் கையெழுத்தை நம்ப வேண்டாம், சர்வரின் சாவியை வைத்திருப்பவரை நம்ப வேண்டும், அப்படித்தானே? 2017 நவம்பர் 30 நினைவிருக்கிறதா? ஓகி புயல் அடித்த மறுநாள் மாவட்டம் முழுக்க இருட்டு. சில ஊர்களில் பல நாள் மின்சாரம் இல்லை, செல்போனில் சிக்னல் இல்லை. அந்த வாரம் எங்கள் பதிவேடு மெழுகுவத்தி வெளிச்சத்தில் எழுதப்பட்டது. உங்கள் சர்வர் என்ன செய்திருக்கும்?

கல்குளத்தான்:
பதிவேட்டைப் பற்றி ரொம்பப் பெருமைப்படாதீர்கள். 2020 ஜூன், சாத்தான்குளம்: நிலையத்தில் அடிபட்ட தந்தையும் மகனும் இறந்த வழக்கு. நிலையத்துக் கேமராவுக்கு ஒரு டெராபைட் வட்டு இருந்தும், காட்சிகள் தினமும் தானாக அழியும்படி அமைத்திருந்தார்கள் என்று நேரில் போய்ப் பார்த்த நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார். தன் வீட்டுக் கேமராவையே காப்பாற்றாதவர்களிடம் பெயிண்ட் கடைக்காரர் பெட்டியைக் கொடுக்க வேண்டுமா?

பழைய ரைட்டர்:
அந்த அறிக்கையைப் படித்த அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை. நம்பினால் நம்புங்கள். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லா நிலையங்களிலும் கேமரா வேண்டும், காட்சியைப் பதினெட்டு மாதம் வைத்திருக்க வேண்டும் என்று சொன்னது. சரியான உத்தரவு. ஆனால் கல்குளத்தாரே, நீங்கள் சொன்னது என் பக்கத்துக்குத்தான் சாதகம். கணினி அமைப்பில் ஒரு சொடுக்கு. அழிந்தது யாருக்கும் உடனே தெரியவில்லை. அரக்கு உடைந்தால் உடைந்தது கண்ணுக்குத் தெரியும்.

வடசேரி கணினி:
ஹாஷ் எண்தான் அந்த அரக்கு, அண்ணாச்சி. வித்தியாசம் ஒன்றுதான்: உங்கள் அரக்கை உருக்கி மறுபடியும் வைத்துவிடலாம்.

இன்னொன்று. காதலி கொடுத்த விஷத்தால் ஷாரோன் என்ற கேரள இளைஞர் இறந்த வழக்கை எடுங்கள். 2022 அக்டோபரில் கஷாயத்தில் விஷம் கொடுத்தது நம் மாவட்டத்து ராமவர்மன்சிறையில். புலனாய்வு கேரளப் போலீஸ். தீர்ப்பு 2025 ஜனவரியில் நெய்யாற்றின்கரை நீதிமன்றத்தில். செல்போனில் விஷத்தைப் பற்றித் தேடியதும் வாட்ஸ்அப் உரையாடல்களும் அதில் முக்கியமான சாட்சியம். களியக்காவிளையில் எல்லையைத் தாண்டினால் உங்கள் பதிவேட்டு எண்ணுக்கு அர்த்தமில்லை. ஹாஷ் எண் இரண்டு மாநிலத்திலும் ஒன்றேதான்.

குழித்துறை வழக்கறிஞர்:
இருவரும் சண்டை போடும் இடத்தில் சட்டம் இல்லை. கொஞ்சம் தள்ளி நிற்கிறது.

2024 ஜூலை 1 முதல் மின்னணுச் சாட்சியம் பற்றிய பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு போய், பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு வந்திருக்கிறது. நகல் கொடுத்தால் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் இரண்டு பகுதி. முதல் பகுதியில் கையெழுத்துப் போட வேண்டியவர் சாதனத்தைக் கையாள்பவர், அதாவது நம் பெயிண்ட் கடைக்காரர். இரண்டாவது பகுதியில் நிபுணர். சாதனத்தின் மாடல், சீரியல் எண், ஹாஷ் எண், அது எந்த முறையில் எடுத்தது என்பதெல்லாம் படிவத்திலேயே இருக்கிறது. ஆகவே "பென் டிரைவ் செல்லாது" என்பது தவறு. சான்றிதழ் இல்லாத பென் டிரைவ்தான் செல்லாது. 2020-ல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஒரிஜினல் சாதனத்தை உரிமையாளரே கொண்டுவந்து கூண்டில் ஏறிச் சொன்னால் சான்றிதழ் வேண்டாம், நகல் என்றால் கட்டாயம். அந்த 'நிபுணர்' யார், ஒரு சாதாரண விபத்து வழக்குக்கு அவரை எங்கே தேடுவது என்று என்னிடம் கேட்காதீர்கள். அதைக் கேட்டுத்தான் நாங்களும் தினமும் வாதாடுகிறோம்.

இப்போது ரைட்டர் அண்ணாச்சிக்கு. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 193-ஆம் பிரிவு, குற்றப்பத்திரிகையிலேயே மின்னணுச் சாதனம் யார் யார் கையில் வரிசையாக இருந்தது என்று எழுதச் சொல்கிறது. பதிவேடு இருந்தால் மட்டும் போதாது. ஒரு வழக்கில் நான் குற்றம் சாட்டப்பட்டவருக்காக ஆஜரானேன். விசாரணை அதிகாரியைக் கேட்டேன், "இந்தப் பென் டிரைவ் இரண்டரை மாதம் எங்கே இருந்தது?" என் மேசை டிராயரில். "பூட்டு உண்டா?" உண்டு. "சாவி?" சாவி மேசை மேல். கோர்ட்டில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள், அரசு வழக்கறிஞரைத் தவிர. காட்சி உண்மையானதுதான் என்று எனக்கே தெரியும். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

தக்கலை வாசகி:
நீங்கள் எல்லோரும் திருட்டையும் விபத்தையும் வைத்துப் பேசுகிறீர்கள். பெட்டியில் இருப்பது ஒரு பெண்ணின் படமாக இருந்தால்?

2020-ல் நாகர்கோவில் இளைஞன் ஒருவன் பெண்களைப் படம் எடுத்து மிரட்டிய வழக்கு ஊரையே உலுக்கியது. 2023-ல் ஆயுள் தண்டனை கிடைத்தது. அவனுடைய சாதனங்களில் எத்தனை பேருடைய வாழ்க்கை இருந்திருக்கும்! புகார் கொடுக்கத் தயங்கிய பெண்களில் பலர் அவனுக்கு மட்டும் பயப்படவில்லை. "இதை ஸ்டேஷனில் எத்தனை பேர் பார்ப்பார்கள்?" என்ற பயமும் இருந்தது. என் உறவுக்காரப் பெண் வேறொரு விஷயத்துக்காகப் புகார் கொடுக்கப் போனபோது, அங்கிருந்தவர் தன்னுடைய சொந்த எண்ணைக் கொடுத்து, "அந்தப் படத்தை இதற்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை; ஆத்திர அவசரத்துக்கு அதுதான் அவருக்குத் தெரிந்த வழி. இவள் அனுப்பிவிட்டாள். ஒரு வாரம் தூங்கவில்லை.

கேரளத்தில் ஒரு நடிகையைக் காரில் கடத்தித் தாக்கிப் படம் எடுத்த வழக்கை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்தப் படம் இருந்த மெமரி கார்டின் நகலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கொடுக்கக் கூடாது, பார்வையிட மட்டும் அனுமதிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொன்னது. அதே கார்டு நீதிமன்றக் காவலில் இருந்தபோது அதன் ஹாஷ் மாறியிருந்தது. போலீஸ் நிலையம்கூட இல்லை, நீதிமன்றம்! பூட்டுப் போட்ட இடத்துக்குள்தான் யாரோ திறந்திருக்கிறார்கள்.

வடசேரி கணினி:
அக்கா சொன்னதில் ஒரு தொழில்நுட்ப விவரம். கார்டை ஒரு செல்போனில் செருகினாலே போதும், போன் தன் கோப்புறைகளை அதில் எழுதிவிடும். கார்டின் ஹாஷ் மாறிவிடும். மாறியதால்தான் திறந்தது தெரியவந்தது. கார்டுக்கு ஹாஷ் எடுத்து வைக்காமல் இருந்திருந்தால் அந்த நடிகை சொன்னதை யார் நம்பியிருப்பார்கள்? வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும். போய்ச் சேருவது வேறு கோப்பு, வேறு ஹாஷ். சாட்சியமாகவும் கெட்டது, மானமும் போனது.

பழைய ரைட்டர்:
அந்தப் பெண்ணிடம் சொந்த எண்ணுக்கு அனுப்பச் சொன்னது மன்னிக்க முடியாதது, அம்மா. அதில் நான் உங்கள் பக்கம். ஆனால் ஒன்று கேட்கிறேன். நிலையத்துக்கு என்று ஒரு கணினி, ஒரு ஸ்கேனர், ஒரு வட்டு வாங்கக் காசு எங்கே? நிறைய ஏட்டுகள் தங்கள் சொந்த போனில்தான் வேலை பார்க்கிறார்கள், சொந்த டேட்டாவில். சோதனையையும் கைப்பற்றுவதையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு சொல்கிறது. நல்லது. எதில் எடுப்பது?

வடசேரி கணினி:
அதற்குத்தான் இ-சாக்ஷ்யா செயலி. 2024 ஆகஸ்டில் சண்டிகரில் தொடங்கிவைத்தார்கள். எடுக்கும்போதே இடமும் நேரமும் சேர்ந்து பதிவாகும்.

பழைய ரைட்டர்:
அது போலீஸ் எடுக்கும் வீடியோவுக்கு. கடைக்காரர் பெட்டிக்குள் இருப்பதற்கு என்ன வழி? சுற்றிச் சுற்றி அங்கேயே வருகிறோம். சர்வர் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. சர்வர் வரும்வரை அரக்கை எடுக்காதீர்கள். அவ்வளவுதான் என் பேச்சு.

கல்குளத்தான்:
அரக்கு வைக்கும் கை யாருடையது என்பதில்தான் எனக்குச் சந்தேகம். அதை ஹாஷும் தீர்க்காது.

குழித்துறை வழக்கறிஞர்:
கடைக்காரருக்கு மட்டும்: விடியும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். பெட்டியின் திரையில் ஓடும் நேரத்தையும் உங்கள் செல்போன் நேரத்தையும் ஒரே படத்தில் வரும்படி எடுத்து வையுங்கள். வித்தியாசம் இருந்தால் இப்போது திருத்தாதீர்கள். திருத்தினால் எனக்குக் குறுக்கு விசாரணைக்கு இன்னொரு கேள்வி கிடைத்துவிடும். அப்புறம், அதே நடைமுறைச் சட்டத்தின் 94-ஆம் பிரிவின் கீழ் எழுத்தில் உத்தரவு கேளுங்கள். நிலையப் பொறுப்பு அதிகாரி அதைத் தர முடியும். சீரியல் எண்ணோடு ரசீது வாங்குங்கள், துண்டுச் சீட்டு வேண்டாம்.

வடசேரி கணினி:
பெட்டி வேண்டாம், உள்ளே இருக்கும் வட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். நான்கு திருகாணிதான். புது வட்டு ஒன்றைப் போட்டுவிட்டால் உங்கள் கேமராவும் நிற்காது. எந்தக் கம்பெனி, எந்த மாடல் பெட்டியில் ஓடியது என்பதை எழுதித் தர மறக்க வேண்டாம். வேறு கம்பெனிப் பெட்டியில் அந்த வட்டு திறக்காமல் போகலாம்.

மார்த்தாண்டம் கடைக்காரர்:
எல்லோருக்கும் நன்றி. வந்துவிட்டுப் போனார்கள்.

நேற்று ராத்திரியே பார்த்தேன். பெட்டியின் கடிகாரம் செல்போனைவிட 14 நிமிடம் பின்னால் இருக்கிறது. நான்கு வருடமாக அப்படித்தான் ஓடியிருக்கும் போல, ஒருநாளும் கவனிக்கவில்லை. விபத்து நடந்தது ஏழு மணிக்கு, திரையில் 6.46. படத்தைக் காட்டியதும் எஸ்.ஐ. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அதையும் மகசரில் எழுதிக்கொண்டார். உத்தரவு எழுத்தில் கேட்டபோது முகம் மாறியது, ஆனால் எழுதிக் கொடுத்தார். வட்டை மட்டும் கழற்றினோம். சீரியல் எண்ணை நான் வாசிக்க, ஏட்டு எழுதினார். இரண்டு தடவை தப்பாக எழுதி அடித்துவிட்டு, மூன்றாவது தடவை என்னையே எழுதச் சொன்னார். உறையில் போட்டு என் கண் முன்னாலேயே அரக்கு வைத்தார்கள். ஹாஷ் எண் கேட்டேன். அது நாகர்கோவிலில்தான் எடுப்பார்கள் என்றார்.

புது வட்டின் விலையை யார் தருவார் என்றும் கேட்டேன். சிரித்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.