குவாம் தீவுப் படங்கள் 36: ஆண்டு கணிக்கவும் ஜப்பானியக் குறிப்பு வாசிக்கவும் உதவி தேவை

பசிபிக் பெருங்கடலில் உள்ள குவாம் தீவை அமெரிக்காவிடமிருந்து ஜப்பான் பிடித்த 1941 டிசம்பர் 10-க்கும், அமெரிக்கப் படை திரும்ப வந்திறங்கிய 1944 ஜூலை 21-க்கும் இடையே எடுத்தவை என்று சொல்லப்படும் 36 கறுப்பு வெள்ளை அச்சுகளின் ஸ்கேன்களைப் பகிர்கிறோம். சில பிந்தையவை என்பது எங்கள் கணிப்பு. தலைநகர் அகானாவின் தேவாலயம் முழுதாக நின்றால் படம் 1944 குண்டுவீச்சுக்கு முந்தையது. அமெரிக்கப் படையின் குவான்செட் என்ற அரைவட்டத் தகரக் கொட்டகை தெரிந்தால் அமெரிக்கர் திரும்பிய பிறகு எடுத்தது.

பெயர்ப்பலகைகளில்தான் பெரிய குழப்பம். அக்கால ஜப்பானியப் பலகைகளில் கிடையாக எழுதியதைப் பெரும்பாலும் வலமிருந்து இடமாக வாசிப்பார்கள். அதை வைத்துப் படம் இடவலம் மாறி அச்சானது என்று திருப்பிவிடாதீர்கள். தனி எழுத்து கண்ணாடி பிம்பமாக இருக்கிறதா என்று பாருங்கள். தீவுக்கு அன்று ஜப்பானியர் வைத்த பெயர் ஓமியா-ஜிமா (大宮島). அதன் முதல் இரண்டு எழுத்துகள் இருபக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும், கடைசி எழுத்துதான் காட்டிக்கொடுக்கும்.

பின்பக்கப் பென்சில் எழுத்து மங்கியிருக்கிறது. ஸ்கேனரின் தானியங்கி கான்ட்ராஸ்ட் அதை அழித்துவிடுவதால், பக்கவாட்டில் தாழ்வாக விளக்கு வைத்துத் தனியே படமெடுத்தோம். முன்பக்கத்தை 600 டிபிஐ தெளிவில், 16 பிட் டிஃப் படக்கோப்பாக ஸ்கேன் செய்தோம்.

பழைய ஜப்பானியக் கையெழுத்து வாசிக்கத் தெரிந்தவர்கள் பட எண்ணோடு பதில் எழுதுங்கள். குவாமின் பூர்வகுடிகளான சமோரோ மக்களின் முகங்கள் தெரியும் ஐந்து படங்களை மட்டும் தயவுசெய்து வெளியே பகிர வேண்டாம். அவர்களின் குடும்பங்கள் இன்றும் அங்கே வாழ்கின்றன.